சுடலைக்கண்ணு போட்ட ஒட்டு

என் பேரை முதலில் கெடுத்தவன் சுடலைக்கண்ணு. மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பிறகுதான் வருகிறார்கள்.

தூத்துக்குடியில் ஜெபமணி முதலாளி உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி வாசலில், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்க்க, அவன் என்னைக் கை நீட்டிக் காட்டினான். "அந்த ஒட்டு கொம்பையா அண்ணாச்சி போட்டது" என்றான். அண்ணாச்சி என்கிற மரியாதையை மட்டும் விடவில்லை.

கொம்பையா நான்தான். அந்த ஒட்டு நான் போட்டது அல்ல.

கடற்காற்றில் தகரக் கூரை நிற்காது. துரு தின்றுவிடும். அதனால் சில உப்புக் கிட்டங்கிகளுக்கு கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்கள். அதை ஒட்டுவதுதான் எங்கள் வேலை. ஒரு ஷீட்டின் விளிம்பை அடுத்த ஷீட்டின் மேல் ஏற்றி, இரண்டுக்கும் நடுவே 'கன்' என்கிற கைக்கருவியின் மூக்கை நுழைத்துச் சூடான காற்றை ஊத வேண்டும். மேல் ஷீட்டின் அடியும் கீழ் ஷீட்டின் முகமும் ஒரே நேரத்தில் இளகும். இளகிய கையோடு ரோலரால் அழுத்த வேண்டும். பசை கிடையாது. ஆணி கிடையாது.

இதற்கு இரண்டு ஓட்டம் உண்டு. முதலில் உள்பக்கமாக ஒன்று, பிறகு விளிம்பில் ஒன்று. உள் ஓட்டம் போட்டால்தான் விளிம்பில் ஊதுகிற சூடு உள்ளே ஓடிப்போகாமல் நிற்கும். சுடலைக்கண்ணுக்கு உள் ஓட்டம் போடப் பொறுமை கிடையாது. நேராக விளிம்புக்குப் போய்விடுவான். மேலே பார்த்தால் வாயை இறுக்கி மூடியது போல இருக்கும். உள்ளே வெறும் பை. சீக்கிரம் முடிப்பதால் அவனுக்குக் கெட்டிக்காரன் என்று பெயர்.

எங்கள் இருவருக்கும் இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர் அமலோற்பவம் மேஸ்திரி. என்னைவிட வயதில் ரொம்பச் சின்ன பெண். உப்பளப் பாத்திகளுக்குக் கறுப்பு ஷீட் விரித்து ஒட்டிக் கை பழகியவர். நான் கொத்து வேலையில் முதுகு போய், தலை நரைத்த பிறகு அவரிடம் வந்து சேர்ந்தவன்.

வந்த புதிதில் அவரிடம் கேட்டேன்.

"ஒட்டு பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும் மேஸ்திரி?"

அவர் இரண்டு துண்டை ஒட்டி, ஆறவைத்து, என் கையில் கொடுத்தார்.

"பிய்ங்க."

மூச்சைப் பிடித்து இழுத்தேன். ஷீட் கிழிந்தது. ஒட்டு அப்படியே இருந்தது.

"இப்படித்தான் தெரியும். தினமும் காலையில வேலை தொடங்குமுன்ன ஒண்ணு ஒட்டி, ஒண்ணு பிய்ச்சுப் பாக்கணும்."

நான் தினமும் பார்த்தேன். சுடலைக்கண்ணு அந்த நேரத்தில் பீடி குடித்தான்.

ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள், ஜெபமணி முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. மூன்று பேரும் போனோம். கிட்டங்கியின் வடக்கு மூலையில் மூட்டைகள் நனைந்து கிடந்தன. அரிசி நனைந்தால் காயப்போடலாம். உப்பு அப்படி இல்லை. சாக்கு நிற்கும், உள்ளே இருந்தது தரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

மேலே ஏறினோம். மேஸ்திரி கொக்கி ஊசியை எடுத்து ஒவ்வொரு ஒட்டின் விளிம்போடும் இழுத்துக்கொண்டே போனார். வடக்கு மூலையில் ஊசி சட்டென்று உள்ளே போனது. விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். ஆறின பாலில் ஆடை வருவது போல வந்தது. உள்ளே சூடே படாத வழுவழுப்பு.

மேஸ்திரி அதைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். சுடலைக்கண்ணு துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு போட்டதுன்னு தெரியுதா மேஸ்திரி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியுது அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"கிழக்க பாருங்க. கீழ போய்க் கன்னை எடுத்துட்டு வருவோம்."

கடலுக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரத்தில் ஒட்டு பிடிக்காது. மழை விழுவதற்குள் அடைத்தாக வேண்டும்.

முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"ஒரு எடத்துல ஒட்டு விட்டிருக்கு முதலாளி. இப்ப அடைச்சிருவோம்."

"யாரு போட்டது?"

அப்போதுதான் சுடலைக்கண்ணு கையை நீட்டினான்.

முந்தின நாள் மதியம் என் தூக்குச்சட்டியில் இருந்து மீன் துண்டு எடுத்துத் தின்ற கை அது.

"லே, வாய் அழுகிரும்லே! நான் தெக்கு பக்கம்லா போட்டேன்!"

"மறந்திருப்பீரு அண்ணாச்சி. வயசு ஆகுதுல்லா."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "பாட்டாவுக்கு வடக்கு எது தெக்கு எதுன்னு கேளுங்கடே" என்றான். இன்னும் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை.

"ஒருத்தன் மேல ஒருத்தன் சொல்லுதீய. இப்ப மேல விட்டா மூடி மறைச்சிட்டுப் போயிருவீய. அடுத்த மழைக்கு இன்னொரு மூலையில ஒழுகும். எவன்னு தெரிஞ்சாத்தான் மேல ஏறணும். ஏய், அந்த ஏணியை எடுத்து உள்ள போட்டுப் பூட்டுங்கடே."

எடுத்துவிட்டார்கள். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. ஏணி உள்ளே போனது. பூட்டும் விழுந்தது.

"முதலாளி, மழை வருது" என்றார் மேஸ்திரி.

"வரட்டும்."

"உப்பு போயிரும்."

"போனா போகட்டும். எனக்கு எவன்னு தெரியணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். ஊருக்கே தெரிய வேண்டும்.

"மேஸ்திரிகிட்ட கேளுங்க முதலாளி" என்றேன். "ஊசி போட்டுப் பாத்தது அவங்கதான். எவன்னு அவங்களுக்குத் தெரியும். என்கிட்ட சொன்னாங்க."

சுடலைக்கண்ணுவின் முகம் செத்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. 'நான்தான் போட்டேன்' என்று அவன் வாயாலேயே வர வேண்டும். சிரித்தவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

முதலாளி மேஸ்திரியிடம் திரும்பினார்.

"தெரியுமாம்மா?"

"தெரியும் முதலாளி."

"யாரு?"

"நான்தான் போட்டேன்."

அந்த மூலையில் ஷீட் போட்ட அன்று மேஸ்திரி கூரையிலேயே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். அது எனக்குத் தெரியும். சுடலைக்கண்ணுவுக்கும் தெரியும். மேஸ்திரி பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சுடலைக்கண்ணு ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள்.

"நான் அப்பவே நினைச்சேன் முதலாளி" என்றான். "மேஸ்திரியாச்சேன்னுதான் வாயைத் திறக்கலை."

"இப்பதானலே கொம்பையான்னு சொன்ன?"

"அண்ணாச்சின்னா கோவிச்சுக்க மாட்டாருன்னு ஒரு உரிமையில சொல்லிட்டேன்."

முதலாளி அவனை விட்டுவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

"உன்ன நம்பித்தானம்மா கொடுத்தேன். இதை அடைச்சிட்டுப் போ. இனிமே என் கிட்டங்கி எதுலயும் நீ கால் வைக்கக் கூடாது. என் மச்சான் கிட்டங்கியிலயும் சொல்லிருவேன்."

"சரி முதலாளி. ஏணி?"

பூட்டைத் திறந்தார்கள். ஏணி வந்தது.

சுடலைக்கண்ணு ஏறவில்லை. "மேஸ்திரி போட்டதை மேஸ்திரி அடைக்கதுதான் மொறை" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

மேலே காற்று குளிர்ந்துவிட்டது.

"என்ன செஞ்சிட்டீங்க மேஸ்திரி? எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"துணியை எடுங்க அண்ணாச்சி."

கொடுத்தேன். ஷீட்டை அழுக்குப் போகத் துடைத்தார். புது ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கினார். கூர்மையாக விட்டால் மூலையில் இருந்துதான் முதலில் கிளம்பும். கன்னைப் போட்டு, சூடு ஏறும்வரை காத்திருந்து, என் கையில் கொடுத்தார்.

"போடுங்க."

"நானா?"

"ஆமா."

"இதை மூடிட்டா அவன் போட்டது அடியில போயிரும். அப்புறம் நான் எதைக் காட்ட? முதலாளியை ஒரு தடவை மேல கூப்பிடுவோம். இந்தப் பையைக் காட்டுவோம். உள் ஓட்டமே இல்லைன்னு குருடனுக்கும் தெரியும்."

"கூப்பிட்டா ஏறுவாரா?"

"ஏறுவாரு."

"ஏறி, பாத்து, சத்தம் போட்டு, அவனைக் கூட்டிட்டு வரச் சொல்லி, அவன் வந்து இல்லைன்னு சொல்லி..."

ஷீட்டில் ஒரு துளி விழுந்தது. மேஸ்திரி அதைச் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தார்.

நான் உட்கார்ந்தேன். கன்னின் மூக்கை உள்ளே விட்டு உள் ஓட்டம் போட்டேன். அவன் விட்ட பை, சூடே படாத அந்த வழுவழுப்பு, என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அடியில் போய் மறைந்தது. எனக்கென்று இருந்த ஒரே சாட்சி அது. அதன் மேல் என் கையாலேயே ரோலரை உருட்டினேன். பிறகு விளிம்பு. புகை கண்ணில் அடித்தது. மேஸ்திரி எனக்கும் வானத்துக்கும் நடுவே குடை போலக் குனிந்து நின்றார். அவர் முதுகில் துளிகள் விழுகிற சத்தம் கேட்டது.

முடித்ததும் ஆறுவதற்குக் கொஞ்சம் விட்டு, ஊசியைப் போட்டுச் சுற்றிலும் இழுத்தார். எங்கும் போகவில்லை.

நாங்கள் ஏணியில் பாதி இறங்கும்போது மழை கொட்டியது.

கிட்டங்கிக்குள் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். பாட்டா என்று சொன்னவனும் நின்றான். வடக்கு மூலையில் பழைய ஈரக் கறை இருந்தது. அது பெரிதாகுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். வாசலில் மழை கொட்டுகிற இரைச்சலில் பேசினாலும் கேட்டிருக்காது. முதலாளி மூட்டை அடுக்கின் மேல் ஏறி, தளத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"ஒழுகலை" என்றார். மேஸ்திரி வாசலைத் தாண்டிப் போகும்வரை அவர் பக்கம் திரும்பவில்லை.

மழை விட்டதும் கன்னையும் ரோலரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். டீக்கடையில் இருந்து சுடலைக்கண்ணு வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"மேஸ்திரி, நாளைக்கு வேலை எங்க?"

"சிப்காட். காலையிலயே வந்துரு."

"சரி மேஸ்திரி" என்றான். என்னைப் பார்த்து, "வாரேன் அண்ணாச்சி" என்றும் சொன்னான். சொல்லிவிட்டுப் போனான்.

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஏதோ திட்டினான்.

"அவனையா? இவ்வளவுக்கும் பிறகு அவனையா கூப்பிடுதீங்க?"

"உள் ஓட்டம் போட அவனுக்கு இன்னும் வரலை. பக்கத்துல நின்னு போடச் சொல்லணும்."

"ரெண்டு மொதலாளி வேலை உங்களுக்குப் போச்சு."

"போச்சு."

"உங்களுக்கு வயிறு எரியலையா?"

"எரியுது."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவன் எனக்கு ஒரு வார்த்தை தரணும் மேஸ்திரி. அவன் வாயால வரவேண்டியது. அதை நீங்க எடுத்துச் சொல்லிட்டீங்க. இனிமே நான் யாருகிட்ட போய்க் கேக்க?"

"அவன்கிட்டதான். நான் சொன்னதால அவன் தந்ததா ஆயிருமா?"

"ஆகாது."

"அப்ப இன்னும் தரணும்."

"தரணும். கட்டாயம் தரணும்."

"இப்ப எனக்கும் தரணும்."

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் மழைத் தண்ணீர்தான் இருந்தது.

"நீங்க அவன்கிட்ட கேப்பீங்களா?" என்றேன்.

"நான் எங்க போக? நாளைக்கு சிப்காட்டுக்கு ஷீட் எடுக்கணும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு பையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார். "நீங்க வாங்கப் போற அன்னைக்கு, என்னுதையும் சேத்து வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி."

பஸ் வந்தது. அவர் பெண்கள் பக்கம் ஏறிக்கொண்டார். நான் பின்வாசலில் தொங்கிக்கொண்டு வந்தேன்.

சுடலைக்கண்ணு அந்த வார்த்தையை இன்னும் தரவில்லை. எனக்கும் தரவில்லை, அவருக்கும் தரவில்லை.