அச்சு அசல்

கடல் விட்டுப்போன நிலம் அது. ஓடையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அதில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். கடலோ மூன்று நாள் நடைக்கு அப்பால். அந்த ஓடைக் கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது.

மடத்தின் ஆசான் வடிவாம்பாளுக்கு முப்பத்தாறு வயது. கடைசியாக வந்து சேர்ந்த வைரவனுக்கு நாற்பத்துநாலு. மனைவி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது வீட்டை விட்டு வந்தவன். ஞானம் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லாமல் யார்தான் வருகிறார்கள்?

மடத்தில் சேர ஒரு முறை உண்டு. தனக்கு முன்னால் வந்தவர் கீறிய சுட்ட மண் ஓட்டைப் பார்த்து, ஈர மண்ணில் ஆணியால் அதே உருவத்தைக் கீற வேண்டும். ஒரு கோடு கூடக் கூடாது, குறையவும் கூடாது. புது ஓடு சூளையில் வெந்து சுவரேறும். பழையது குழிக்குள் போகும். மேலே ஒரு கூடை மண் விழும். ஓடு வெந்துவிட்டால் வீடு திரும்ப முடியாது.

வைரவன் கீற வேண்டிய நாளன்று காலையில் அவன் மைத்துனன் வந்து நின்றான்.

"ஆம்பளப் புள்ள, மாமா. பன்னெண்டு நாளாச்சு. அக்கா உங்களையே கேட்டுக்கிட்டிருக்கு."

"யாரு மாதிரி இருக்கான்?"

"உங்க அப்பாவ உரிச்சு வெச்ச மாதிரி. அந்தப் பிளந்த மோவாகூட அப்படியே."

மைத்துனன் சந்தோஷமாகத்தான் சொன்னான். வைரவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சாயங்காலம் கெளம்பறேன். வர்றீங்களா இல்லையான்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு மைத்துனன் ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

வைரவன் நேரே ஆசானிடம் வந்தான்.

"அம்மா, மண்ணு குடுங்க. இப்பவே கீறிடறேன்."

"அப்படி என்ன அவசரம்?"

"நான் போகக் கூடாதும்மா. அப்பா அடிச்சுத்தான் எனக்கு ஒரு காது போச்சு. போன வருஷம் என் அக்கா மகன் பால் செம்பத் தட்டிவிட்டான். கைய ஓங்கிட்டேன். அப்படியே அவரேதான்."

"அடிச்சீங்களா?"

"அன்னைக்கு அடிக்கல. என்னைக்காவது அடிச்சிருவேன். ரத்தத்துலயே இருக்கு. இப்ப புள்ளைக்கும் போயிருச்சு."

வடிவாம்பாள் எழுந்தாள். மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

"பழைய ஓடு கெடக்கற குழியத் தோண்டுங்க."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. எரிச்சலோடுதான் தோண்ட ஆரம்பித்தான். மேலே கிடந்த ஓட்டில் ஒரு பறவை. சுவரில் இருப்பதுபோலவே இருந்தது. அடுத்ததும் பறவைதான். எடுத்து எடுத்துப் புல்லில் வரிசையாக வைத்துக்கொண்டே போனான்.

பத்துப் பன்னிரண்டு ஓடுகளுக்குக் கீழே அலகில் பல் இருந்தது. இன்னும் கீழே இறக்கை முனையில் நகம். பிறகு இறக்கையே இல்லை, நாலு கால்கள். பிறகு அந்தக் கால்கள் தடித்த துடுப்புகளாயின. அப்புறம் ஒரு மீன்.

அவன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கைகளால் மண்ணை விலக்கினான். குழிக்குள் உப்புக் காற்று வீசுவதுபோல இருந்தது. தூறல் சத்தம் தூரத்து அலைபோலக் கேட்டது, அதுவும் கேளாத காதில்.

மீனுக்குக் கீழே புழு. அதற்கும் கீழே முதல் ஆசான் கீறிய ஓடு. அதில் ஒரு வட்டம், உள்ளே ஒரு புள்ளி. வேறெதுவும் இல்லை.

அதற்கும் அடியில் வெறும் பாறை. பாறைக்குள் ஒரு சங்கு கல்லாகிக் கிடந்தது.

"இத யாரும்மா கீறினாங்க?"

"கடல்."

வைரவன் வட்டத்தைத் தடவிப் பார்த்தான்.

"இது என்ன?"

"பத்து மாசத்துக்கு முன்னாடி உங்க பையன். இத்துனூண்டு. கண்ணுக்குக்கூடத் தெரியாது. நீங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சீங்க. உங்க அப்பாவும்."

"அவருமா?"

"அவருந்தான்."

அப்பாவை அவ்வளவு சின்னதாக அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஏனோ அழுகை வந்தது. மழையில் அது தெரியவில்லை, அவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

"எந்த ஓட்டுல மீன் கரையேறுச்சும்மா?"

"நீங்களே தேடிப் பாருங்க."

வரிசையில் முன்னும் பின்னும் நடந்தான். பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு பக்கம் மீன் இருந்தது, மறுபக்கம் பறவை இருந்தது. நடுவில் எந்த இடத்திலும் விரல் வைக்க முடியவில்லை.

வடிவாம்பாள் ஈர மண் பலகையையும் ஆணியையும் கொண்டுவந்து வைத்தாள். சுவரிலிருந்த ஓட்டையும் இறக்கினாள்.

"இப்ப கீறுங்க. அச்சு அசலா இருக்கணும்."

மத்தியானம் முழுக்கக் குனிந்தபடியே கீறினான். நூல் பிடித்து அளந்தான். ஒவ்வொரு இறகாக எண்ணினான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வடிவாம்பாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அது நேரா நிக்குது. உங்களுது கால லேசா மடக்கியிருக்கு."

உற்றுப் பார்த்தான். மடக்கித்தான் இருந்தது.

"சத்தியமா நான் மாத்தலம்மா!"

"முன்னாடி வந்த அத்தன பேரும் இப்படித்தான் சத்தியம் பண்ணினாங்க."

வைரவன் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாறும், சரி. மோசமா மாறிட்டா? அவரவிடக் கேடுகெட்டவனா நான் ஆயிட்டா?"

"ஆகலாம்" என்றாள் வடிவாம்பாள். "இந்தக் கேள்விய உங்க அப்பா என்னைக்காவது யார்கிட்டயாவது கேட்டாரா?"

வைரவன் ஆணியைக் கீழே வைத்துவிட்டு, மைத்துனன் இருந்த ஓடைப் பக்கம் நடந்தான். அன்று சூளையை யாரும் மூட்டவில்லை.