வேம்பாயி போட்ட ஓலை

மேலாற்று நாட்டில் ராஜா கிடையாது. அடுப்புக்கு, அதாவது வீட்டுக்கு, ஓர் ஓலை என்று குடத்தில் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிற ஜனங்கள் அவர்கள். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. அடிமை வைத்துப் பிழைக்கும் கீழாற்று நாட்டோடு போர் மூண்டபோது தலைவராக இருந்தவர் மாசிலான். நல்ல மனுஷர்தான். ஆனால் இரண்டு வாக்குக் கொடுத்துத் தொலைத்தார். அறுவடைக்குள் போரை நிறுத்துகிறேன் என்று ஊராரிடம் சொன்னார். ஆற்றைத் தாண்டி வந்த எவரும் இனி அடிமையில்லை என்றும் பறையறைவித்தார்.

வந்தவர்கள் குடிசை போட்டு அடுப்பு மூட்டினார்கள்; அந்த அடுப்புகளுக்கும் ஓலை உண்டு என்றாயிற்று. சிலர் வேல் பிடித்துப் படையில் சேர்ந்தார்கள். சிலருக்கு இந்தக் கரையிலேயே பிள்ளையும் பிறந்தது.

அறுவடை நெருங்கியபோது கீழாற்றுத் தூதன் வந்து சேர்ந்தான். "எங்கள் அடிமைகளைத் திருப்பிக் கொடுங்கள். நாளைக்கே போரை நிறுத்துகிறோம்" என்றான்.

ஒரு வாக்கைக் காப்பாற்றினால் மற்றொன்று போகும். கையைப் பிசைந்த மாசிலான், "குடம் சொல்கிறபடி நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். கொடுப்போம் என்பவர்களுக்கு ஒரு குடம், மாட்டோம் என்பவர்களுக்கு ஒரு குடம்.

அந்த ஊரில் வேம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஒரே மகன் முத்தையன் போர்முனையில் இருந்தான். காயம்பட்டுத் திரும்பிய ஒருவனிடம் சொல்லியனுப்பியிருந்தான்: "என் பக்கத்துல நின்னு சண்டை போடுறவங்க ஆத்தைத் தாண்டி வந்தவங்க. அவங்களைக் கொடுத்து என்னைக் கூப்பிட வேண்டாம்னு ஆத்தாகிட்டச் சொல்லு." பெற்ற மனசு கேட்குமா? அவனைத் திட்டிக்கொண்டேதான் கம்பு இடித்தாள்.

குடத்தடியில் அவளுக்கு முன்னால் நின்றவன் கொற்றன். பக்கத்துக் குடிசைக்காரன், போன வருஷம் ஆற்றை நீந்தி வந்தவன். அவன் தன் ஓலையைக் கொடுப்போம் என்கிற குடத்தில் போட்டான்.

"என்னடா பண்றே?" என்றாள் வேம்பாயி.

"உங்க பிள்ளை வீட்டுக்கு வரட்டும், அக்கா. நான் போறேன். எனக்குப் பழகினதுதானே."

இரண்டு குடமும் சமம், பாக்கி வேம்பாயியின் ஓலை மட்டும்தான் என்று ஓலைகளை எண்ணியவர்கள் அறிவித்தார்கள். அவள் அழுதுகொண்டே அதை மாட்டோம் குடத்தில் போட்டாள். தூதன் வெறுங்கையோடு திரும்பினான். போர் தொடர்ந்தது.

ஊரார் தீர்ப்புக்கே விட்டவர் மாசிலான். தன்னையே கொடுக்கத் துணிந்தவன் கொற்றன். பெற்ற பிள்ளையைப் போர்முனையிலேயே விட்டுவிட்டவள் வேம்பாயி. மூவருமே நல்லவர்கள்தான். யார் செய்தது நியாயம்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: வேம்பாயி செய்ததுதான். போர் நிற்கப் பகைவனும் சம்மதிக்க வேண்டும். விடுதலைக்கு மாசிலானின் சொல் ஒன்றே போதும். அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு, அதையே மறுபடி குடத்தில் போடச் சொன்னால் எப்படி? கொற்றனுக்கு மனசு பெரிசு, மறுக்கவில்லை. ஆனால் அவன் ஓலை அவனை மட்டுமா அனுப்பும்? கைப்பிள்ளைக்காரிகளையும் சேர்த்தல்லவா அனுப்பும். வேம்பாயி பணயம் வைத்தது மகனின் உயிரை. அதற்கு அவன் சம்மதம் அவளிடம் இருந்தது. மறுநாள் கொற்றனை இழுத்துவந்து உட்காரவைத்து, "பழகினதாம், பழகினது" என்று திட்டியபடியே கூழ் ஊற்றினாள். அவனும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தான்.