பள்ளத்தில் மேகம் நிறைந்த நாட்கள்

“என் பேரை எடுத்துடுங்க டீச்சர்,” என்றார் தேவசகாயம்.

அவர் டீச்சர் என்று கூப்பிட்ட பூங்கோதைக்கு முப்பத்தைந்து வயது. மலை உச்சியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியாக வந்து ஒரு வருடம் ஆகிறது. தேவசகாயத்துக்கு அறுபது நிறையப் போகிறது. இன்னும் பதினோரு நாளில் ஓய்வு.

புதன்கிழமைதோறும் அவள் ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பாள். நோட்டும் பேனாவுமாக முதல் ஆளாக வந்து உட்காருபவர் இவர்தான். நரைத்த தலை மாணவனைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அங்கே கிடையாது. அவர் அதையெல்லாம் சட்டை செய்ததில்லை.

“எதுலேருந்து எடுக்கணும் சார்?”

“இருபத்தாறு வருஷப் பதிவைப் புத்தகமா போடப் போறீங்கல்ல, அதுலேருந்து. அளவெடுத்தவர்னு முதல் பக்கத்துல என் பேர் இருக்கு. எனக்கு அந்தத் தகுதி இல்லை.”

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தேவசகாயத்தின் வேலை வெயிலை அளப்பது. வெயில் காற்றைச் சூடாக்கிவிட்டுச் சும்மா போய்விடுவதில்லை. காற்றில் கலந்திருக்கும் சில வாயுக்களை உடைக்கிறது. உடைந்தவை வேறு எதனோடாவது சேர்ந்து புதிதாக ஒன்றாகின்றன. ஊர் விடுகிற புகை வானத்தில் கரைந்து போவதும் பெரும்பாலும் அந்த வேலையால்தான்.

வெயில் அந்த வேலையை எவ்வளவு மும்முரமாகச் செய்கிறது என்பதைக் கண்ணாடிக் குமிழ் வைத்த ஒரு கருவி சொல்லும். காலை ஏழு மணிக்கு அதன் மர மூடியைத் திறந்து, மணிக்கொரு தரம் அது காட்டும் எண்ணைப் பார்த்து எழுதுவார்.

மேகத்தைக் கண்டால் மூடிவிட வேண்டும். அவரை வேலைக்கு எடுத்த பழைய தலைவர் போட்ட சட்டம் அது. மேகம் தலைக்கு மேலே இருந்தாலும் சரி, காலடியில் பள்ளத்தில் கிடந்தாலும் சரி. பதிவேட்டில் ‘மேகம்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைய வேலை முடிந்தது.

ஒரு நாள்கூட அவர் அதை மீறியதில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான், போன புதன்கிழமை வரைக்கும்.

“போன வகுப்புல நீங்க சொன்னீங்க,” என்றார். “மேகத்துக்குக் கீழே வெயிலோட வேலை குறையும், ஆனா நிக்காது. மேகத்துக்கு மேலே, தெளிஞ்ச நாளைவிட ஜாஸ்தியா நடக்கும்னு.”

“ஆமா, சொன்னேன்.”

“மூணு நாளா பழைய பதிவேட்டை எல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். ரெண்டாயிரத்து நூறு நாள் மூடி வச்சிருக்கேன். கிட்டத்தட்ட ஆறு வருஷம் டீச்சர். ஆறு வருஷம் நான் எதையும் பார்க்கலை. அளவெடுத்தவர்னு எப்படிப் போடுவீங்க?”

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் கலங்குகிற மனிதர் இல்லை அவர்.

பூங்கோதை எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மேலே நீல வானம். கீழே பள்ளம் முழுக்க வெள்ளை மேகம்.

“புதுசா வாங்கின கருவியை எடுத்துக்கிட்டு வாங்க,” என்றாள்.

புதுக் கருவிக்கு இரண்டு குமிழ்கள். ஒன்று மேலே பார்க்கும், மற்றது கீழே பார்க்கும். இருவரும் பாறை விளிம்புக்கு நடந்தார்கள். கருவியை ஒரு கம்பில் கட்டிப் பள்ளத்துக்கு மேலே அவர் நீட்டினார்.

“மேல் குமிழ் என்ன சொல்லுது?”

“எப்பவும் சொல்றதைத்தான்.”

“கீழ் குமிழ்?”

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மேலேருந்து வர்றதுல முக்கால்வாசி கீழேருந்தும் வருது டீச்சர்.”

“மேகத்துல பட்டுத் திரும்பி வருது. நாம நிக்கிற காத்துக்கு இன்னைக்கு ரெண்டு பக்கமும் வெயில்.”

தேவசகாயம் கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த மாதிரி நாளைத்தான் மூடினேன்,” என்றார்.

“மூடிட்டு எங்க போவீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

“வீட்டுக்கு.”

“போய்?”

“வீட்டுல அமலி இருப்பா. என் வீட்டுக்காரி.” கொஞ்சம் தயங்கினார். “பள்ளம் நிறைஞ்சிருந்தா நான் சீக்கிரம் வந்துடுவேன்னு அவளுக்குத் தெரியும். பார்த்ததுமே கடலை வறுக்க ஆரம்பிச்சிடுவா. ரெண்டு பேரும் இந்தப் பாறைக்கு வந்து தாயம் ஆடுவோம். அழுகுணி ஆட்டம் ஆடுவா. கையும் களவுமாப் பிடிச்சாலும் ஒத்துக்க மாட்டா.”

சிரிக்கப் பார்த்தார். அமலி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் இந்தப் பாறையில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் தாங்க முடியாது என்று பயந்தார். உண்மையில் தாங்க முடியவில்லைதான்.

“அவங்க எந்தப் பக்கம் உட்காருவாங்க?”

“பள்ளத்தைப் பார்த்து. வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல இழுத்து விட்டுக்குவா. மத்த இடத்துல அப்படி முக்காடு போட்டா முகம் நிழல்ல போயிடும். இங்கே மட்டும்…”

சட்டென்று எழுந்தார்.

மெல்லக் கையை விளிம்புக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளங்கை பளிச்சென்று இருந்தது. ரேகைகள்கூடத் தெரிந்தன.

வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“கல்யாணத்தன்னைக்கு இருந்ததைவிட அழகா இருக்கேடின்னு சொல்வேன்,” என்றார். “பொய் சொல்றேன்னு சிரிப்பா. எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு, நமக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு.”

“தினமும் சொல்வீங்களா?”

“இல்ல டீச்சர்.” அவர் திரும்பி அவளைப் பார்த்தார். “மூடி வச்ச நாள்ல மட்டும்தான்.”

பள்ளத்திலிருந்து காற்று வந்தது. பூங்கோதை கம்பை இழுத்துக் கருவியை அவிழ்த்தாள்.

“அப்போ, அந்த நாளையும் நீங்க பார்த்திருக்கீங்களே. உங்க பேரை எடுத்துடவா சார்?”

தேவசகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முதல் பக்கத்துல இன்னொரு பேருக்கு இடம் இருக்குமா டீச்சர்?”