லேத் பட்டறையில் ஒரு கூப்பாடு

ஐ.டி.ஐ. பிரின்ஸ்பால் தம்புராஜுக்குத் தன் குரல்மேல் அசாத்திய நம்பிக்கை. மைக்கைக் கொடுத்தாலும் தள்ளிவைத்துவிடுவார். அவர்முன் அட்மிஷனுக்கு வந்து நின்றாள் இசக்கி. மதிப்பெண் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பிறவியிலிருந்தே காது கேட்காது.

“லேத் ஓடும்போது நான் ‘நிறுத்து’ன்னு கத்தினா இவளுக்குக் கேக்குமா? கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? இடம் கிடையாது.”

கூட வந்த அண்ணன் அதைச் சைகையில் சொன்னான். இசக்கி ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: ‘சரி ஐயா. காது கேட்கிறவர்கள் எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகிறேன்.’

பிரின்ஸ்பால் குஷியாகப் பட்டறைக்கு அழைத்துப்போனார். இருபது லேத்தும் இரைந்துகொண்டிருந்தன. வாசலில் நின்று, “நிறுத்து!” என்று கத்தினார். ஒருவனும் திரும்பவில்லை. நரம்பு புடைக்க இன்னும் ஏழெட்டு முறை கத்தினார். இரும்புத்தூள்தான் பறந்தது.

இசக்கி விளக்கு சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாள். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபது தலையும் நிமிர்ந்தன. உள்ளங்கையைக் காட்டினாள். இருபது லேத்தும் நின்றன.

இன்னொரு தாள் எழுதினாள்: ‘இவர்களுக்கும் கேட்கவில்லையே ஐயா. இருபது பேருக்கும் டி.சி. கொடுத்துவிடுவீர்களா?’

பிரின்ஸ்பால் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். தொண்டை கட்டிப்போயிருந்தது. ‘நாளைக்கே வந்து சேர்’ என்பதைச் சைகையில்தான் சொன்னார்.