கெட்டி டயர்

ஆஸ்பத்திரி வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் வைத்துத்தான் சென்னியப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டார். மேலே டாக்டர் பேசி முடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"நீங்க போயிட்டா நான் என்னங்கம்மா பண்றது?"

பாவாத்தாள் அம்மா பின் சீட்டில் படுப்பதற்காகத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. நின்ற இடத்திலிருந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"டயரு வழுவழுன்னு ஆயிருச்சுங்கய்யா. முதல்ல அதை மாத்துங்க."

அவ்வளவுதான் பதில். கேட்டதை விட்டுவிட்டு வேறொரு வேலையைக் கையில் கொடுத்து அனுப்புவது அம்மாவின் வழக்கம். எட்டு வருடமாகக் கூடவே இருந்தும் சென்னியப்பனுக்கு அது பிடிபடவில்லை. சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கண்ணாடியில் பாதை சரியாகத் தெரியவில்லை. வைப்பரைப் போட்டுப் பார்த்தார். மழை எதுவும் இல்லை, கண்தான் நிறைந்திருந்தது.

இவர்கள் இருக்கும் இடத்தை மடம் என்பார்கள். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காங்கேயத்துக்குத் தெற்கே கொழுக்கட்டைப் புல் மண்டிய காட்டில் ஓட்டு வீடு ஒன்று, தகரக் கொட்டாய் ஒன்று, வருகிறவர்கள் உட்கார வேப்பமர நிழல். காவியும் இல்லை, கமண்டலமும் இல்லை. பாவாத்தாள் அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அந்த வேனில் அழுதுகொண்டு ஏறுகிற பிள்ளை சிரித்துக்கொண்டு இறங்கும் என்பார்கள். பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றவர்கள் தங்கள் அழுகையையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அப்படி வளர்ந்த மடம் அது.

அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம். சென்னியப்பனுக்கு அறுபத்தாறு. குரு சின்னவர், சீடர் பெரியவர். ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை. மனைவி ருக்குமணி போன பிறகு பம்ப்செட் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் வந்து சேர்ந்தவர் அவர். பிள்ளை குட்டி கிடையாது. அம்மாதான் அவருக்கு எல்லாம்.

அந்த அம்மாவின் முதுகுத்தண்டில்தான் புற்றுநோய் இறங்கியிருந்தது.

கார், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்தது. பெட்ரோல் இல்லாத மின்சாரக் கார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் போய்வர அதுதான். அம்மாவுக்கு அப்போது கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட் வைக்கும் சிகிச்சை, நடந்துகொண்டிருந்தது. "வண்டிக்கும் கரண்டு, எனக்கும் கரண்டு. ரெண்டு பேரும் சார்ஜு ஏத்திக்கிட்டுத் திரியறோம்" என்று அம்மா சிரித்தார். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மேலே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இனி நோயைத் துரத்தறது நம்ம கையில இல்லீங்க. இருக்கற வரைக்கும் வலி தெரியாம பாத்துக்கலாம். அது ஒண்ணுதான் இப்ப வேலை."

அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சென்னியப்பன் காதில் 'இருக்கற வரைக்கும்' என்பது மட்டும் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த எதுவும் விழவில்லை.

மறுநாளே டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஜாபர் பழைய டயரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் வண்டிங்களா? அதான்" என்றார். "அடியில பேட்டரி எம்மாங் கனம்! அத்தனையும் டயர் தலையிலதான் உக்காருது. மத்த வண்டியைவிடச் சீக்கிரம் தேஞ்சுரும்."

"தேயாததா ஒண்ணு குடுங்க."

ஜாபர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இது மெத்து டயருங்க. உள்ளார பஞ்சு வச்சு ஒட்டியிருப்பாங்க. சத்தத்தைக் குடிச்சுரும். பள்ளம் மேடு தெரியாது. என்ன, வெரசலாத் தேஞ்சுரும்."

"அது?"

"அது கெட்டி. கல்லாட்டம் இருக்கும். கம்பெனிக்காரனே அஞ்சு வருசம் வாரண்டி எழுதித் தர்றான். கொஞ்சம் தூக்கிப் போடும்."

"அஞ்சு வருசம் வந்துருமுங்களா?"

"அதுக்கு மேலயும் வரும். வண்டியில யாருங்க போவாங்க?"

"நான்தான் ஓட்டறேன்."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஜாபர் மேற்கொண்டு கேட்கவில்லை.

சென்னியப்பன் காலமெல்லாம் பம்ப்செட் விற்றவர். வாரண்டி அட்டையில் கடை முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டால் அதுவரைக்கும் அந்த மோட்டாருக்குச் சாவு கிடையாது என்பது அவர் நம்பிக்கை. ஐந்து வருடம் என்ற வார்த்தை அவர் வயிற்றில் பால் வார்த்தது. ஐந்து வருடத்துக்கு டயர் இருக்கிறது என்றால் ஐந்து வருடத்துக்கு ஆஸ்பத்திரிப் பயணம் இருக்கிறது, அதற்கு அம்மா இருக்கிறார். இது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் நான்கு கெட்டி டயர்களையும் மாட்டச் சொன்னார். அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் எதை வாங்கி வந்தாலும் வாங்கியவர்தான் முதலில் அனுபவிக்க வேண்டும். பாய் வாங்கினால் முதல் ராத்திரி அவர்தான் அதில் படுக்க வேண்டும். சோப்பு வாங்கினால் அவர்தான் முதலில் குளிக்க வேண்டும். ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று சென்னியப்பன் ஒரு கட்டு கோரைப் பாய் வாங்கி வந்தார். விடியும்போது முதுகெல்லாம் வரி வரியாகத் தடித்திருந்தது. யாரும் சொல்லாமலே கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார்.

இந்தத் தடவை கடையிலிருந்து மடம் வரை தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பழக்கம் நிறைவேறிவிட்டது என்று அவர் எண்ணம்.

"மெத்து டயரு வெரசலாத் தேஞ்சுரும்னு கடைக்காரரு சொன்னாருங்க. இது அஞ்சு வருசமுங்கம்மா!" என்று அட்டையை நீட்டினார்.

அம்மா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார்.

"அடேங்கப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நன்றாக இல்லை.

முன்பெல்லாம் பல்லடம் தாண்டும்வரை அம்மாவுக்கு வாய் ஓயாது. படுத்துக்கொண்டே கதை சொல்வார், லாரிக்காரர்களைக் கிண்டல் செய்வார், சென்னியப்பன் பிரேக் பிடிப்பதைக் கிண்டல் செய்வார். இப்போது வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குதுங்களாம்மா?"

"ஓட்டுங்கய்யா."

வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் சென்னியப்பன் ரோட்டைத் திட்டினார். ரோடு போட்ட கான்ட்ராக்டரை, அவன் குடும்பத்தை, அவனுக்கு வேலை கொடுத்த அதிகாரியை என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "போன மாசத்தைவிட வலி கூடிப்போச்சுங்களே. ஊசியைக் கூட்டித்தான் போடோணும்" என்றார்.

நோய் ஓடுகிறது, நாம் பின்னால் நிற்கிறோம் என்று சென்னியப்பன் நினைத்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்த அட்டையைத் தொட்டுக்கொண்டார். நெஞ்சு கொஞ்சமும் ஆறவில்லை.

அன்று ஊசி போட்டுத் திரும்புகையில், காங்கேயம் ரோட்டை விட்டு மடத்துக்குப் பிரியும் மண் ரோட்டு முக்கில், "வண்டியை நிறுத்துங்க" என்றார் அம்மா.

நிறுத்தினார்.

"வாங்கினவருதான் முதல்ல அனுபவிக்கோணும்னு நம்ம மடத்துல ஒரு பழக்கம் இருக்குதுங்களே?"

"நான்தானுங்களே முதல்ல ஓட்டிட்டு வந்தேன்."

"ஓட்டினீங்க. படுத்தீங்களா?"

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. அதற்குள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"வாங்க, இங்க வந்து படுங்க. ஊசி போட்டிருக்குது, இப்ப எனக்கு வலி இல்லை. மடத்துக்கு முந்தி வர்ற கோயில் வரைக்கும் நான் ஓட்டறேன்."

"அய்யய்யோ, வேண்டாமுங்கம்மா!"

"பள்ளிக்கூடத்து வேனையே ஓட்டியிருக்கேன். படுங்கய்யா."

அம்மா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் பின் சீட்டில், அம்மாவின் தலையணையில் தலைவைத்துக் காலை மடக்கிப் படுத்தார். அம்மா மெதுவாகத்தான் ஓட்டினார். சைக்கிள்காரன் ஒருவன் முந்திக்கொண்டு போனான்.

முதலில் சத்தம் வந்தது. அந்த வண்டிக்கு எஞ்சின் இரைச்சல் கிடையாது. அதனால் டயர் அரைபடுகிற சத்தம் முழுவதும் சீட்டு வழியாக ஏறி மண்டைக்குள் புகுந்தது. பிறகு ஒரு கல். சின்னக் கல்தான். அது இடுப்பில் வந்து குத்தியது. ஓட்டுகிறவனுக்குப் பள்ளம் வருவது கண்ணில் தெரியும், உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். படுத்திருக்கிறவனுக்கு எப்போது வரும் என்று தெரியாது. கூரைத் துணியைப் பார்த்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது அவர் வாய்விட்டே கத்திவிட்டார். நோய் இல்லாத முதுகு அது.

பிடிமானத்துக்குச் சீட்டு இடுக்கில் கைவைத்தார். சுருட்டிய துண்டு ஒன்று அகப்பட்டது. அம்மாவுடையது. விரித்துப் பார்த்தார். ஒரு முனை முழுவதும் பல் பட்டுக் கிழிந்து நூல் நூலாக இருந்தது.

"நிறுத்துங்கம்மா."

"இன்னும் கோயில் வல்லீங்களே."

"அம்மா, உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க!"

அம்மா நிறுத்தினார். சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ருக்குமணியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. இத்தனை வாரமாக ரோட்டையும் நோயையும் திட்டித் தீர்த்திருந்தார். வலியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியது அவர் கைதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் கடைசியில்.

அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அஞ்சு வருசம் வாங்கிட்டு வந்து குடுத்தீங்க. அத்தனை ஆசையா வாங்கிட்டு வந்ததை வேண்டாம்னு எப்படிங்கய்யா சொல்றது?"

"இன்னைக்குச் சொல்லிட்டீங்களே."

"இன்னைக்கு முடியலைங்க" என்றார் அம்மா.

எட்டு வருடத்தில் அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. டாக்டர் சொன்னபோது விழாத மிச்ச வார்த்தைகளெல்லாம் இப்போதுதான் அவர் காதில் வந்து விழுந்தன.

"மெத்து டயரே போட்டறனுங்கம்மா. நாளைக்கே."

"வெரசலாத் தேஞ்சுரும்னு சொன்னாருன்னீங்களே?"

"ஆமாங்க."

"எனக்கு முன்னால தேஞ்சுருமா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். அந்தப் பழைய கேள்விதான் வந்தது.

"நான் என்னங்கம்மா பண்றது?"

அம்மா கதவைத் திறந்து இறங்கி நின்றார். அவரும் இறங்கினார். இருவரும் பழையபடி இடம் மாறிக்கொண்டார்கள். மடம் வரைக்கும் சென்னியப்பன் வண்டியை நடையைவிட மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் ஜாபர் கடையில் மெத்து டயர் ஏறியது. ஜாபரையே ஓட்டச் சொல்லிவிட்டு, சென்னியப்பன் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு ஊரை இரண்டு சுற்று வந்தார். வேகத்தடையில் ஏறியதுகூடத் தெரியவில்லை. அம்மாவைப் போலவே கண்ணை மூடிப் பார்த்தார். ஜாபர் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஓட்டினார்.

கழற்றிய கெட்டி டயர்கள் நான்கையும் குட்டி யானை சரக்கு வண்டி ஒன்று மடத்தில் இறக்கிவிட்டுப் போனது. தேய்மானமே இல்லை. வார்ப்பில் வந்த ரப்பர் மயிர்கூட அங்கங்கே உதிராமல் நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா வேப்பமரத்தடியில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"இதை என்னங்கம்மா பண்றது? ஜாபர் திருப்பி எடுத்துக்கறேங்கறாரு. குடுத்தரட்டுங்களா?"

"குடுத்தராதீங்க. கொட்டாய்க்குள்ள எடுத்து வைங்க."

"உங்களுக்குத்தான் இது ஆகலைங்களே. அப்பறம் எதுக்குங்க?"

அம்மா கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து அந்த நான்கு டயர்களையும் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நான் இறங்கினதுக்கப்பறம் மாட்டிக்கங்க. தூக்கித்தான் போடும். ஆனா நீங்க ரொம்ப தூரம் போகோணுமுங்களே."