திருமேனிநாதனின் கடைசிக் கேசட்

பாடகர் திருமேனிநாதனுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் தம்புரா மீட்டியவர் சபாநாயகம். பாடகர் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வழக்கு தொடங்கியதிலிருந்து சபாநாயகத்துக்குச் சரியான தூக்கம் இல்லை. வாரம் ஒருமுறை தாமிரபரணிக் கரையில் இருந்த சின்ன மடத்துக்குப் போவார். அதை நடத்திவந்த அன்னபூரணி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தும் சபாநாயகம் அம்மையைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

பாடகர் தன் வீட்டையும் பாட்டுகளால் வரும் வருமானத்தையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். நோயில் விழுந்த பக்கவாத்தியக்காரர்களின் வைத்தியத்துக்காக. ஒரே மகள் உமையாள் உயிலை எதிர்த்து நீதிமன்றம் போனாள். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றாள். நீதிமன்றம் நிதிக்குத் தடை போட்டது. அந்தப் பணத்தில் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டுமுறை போய்க்கொண்டிருந்த கடம் வித்வான் இசக்கிமுத்து ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார். அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின.

அந்த வாரம் சபாநாயகம் ஒரு கேசட்டோடு மடத்துக்கு வந்தார். பாடகர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு, வீட்டில் பாடியதை இவர்தான் பதிவு செய்திருந்தார். பாடி முடித்தபின் பாடகர் தெளிவான குரலில் தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தார். சொத்து முழுவதும் தனக்குத் தாளம் போட்ட கைகளுக்கு என்றார். அதோடு நிறுத்தவில்லை. உமையாளுக்கு ஒன்றும் கிடையாது, அப்பன் பாட்டை ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருப்பாளா என்றும் சொல்லியிருந்தார்.

அறக்கட்டளை வக்கீல் திங்கட்கிழமைக்குள் கேசட்டைத் தரச் சொல்லியிருந்தார்.

"கொடுத்தா இசக்கிமுத்து பிழைப்பார். அந்தப் பொண்ணு உடைஞ்சு போவா. நான் என்ன செய்யட்டும் அம்மா?"

அம்மை கேசட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"முதல்ல அவ கையில கொடுங்க. வக்கீலுக்கு அப்புறம்."

"நகல் எடுத்து வச்சுக்கிட்டா?"

"நகலை வச்சுக்கிட்டுக் கொடுத்தா அது மிரட்டல்."

சபாநாயகம் சனிக்கிழமை காலை பாளையங்கோட்டைக்குப் போனார். பஸ்ஸில் வழி முழுக்கக் கை சட்டைப்பையிலேயே இருந்தது. உமையாள் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கேசட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் வாசலில் நின்றார். ஜன்னல் வழியே பாடகரின் குரல் வந்தது. ஒரு பக்கம் முடிந்து, திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்து பேச்சு வந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நாடாவை இப்போது உருவி எறிந்துகொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. இசக்கிமுத்துவின் கால்கள் நினைவுக்கு வந்தன.

வெகுநேரம் கழித்து உமையாள் வெளியே வந்தாள். கேசட் அவள் கையில் முழுசாக இருந்தது.

"நான் தினமும் கேட்டேன். அடுப்படியில நின்னு கேட்டேன். பொம்பளப் புள்ள உள்ள வந்தா சுருதி கலையும்னு அப்பா சொன்னார். அப்பல்லாம் கதவைச் சாத்தினது நீங்கதான் மாமா."

அவள் சொன்னது உண்மை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை தடவை சாத்தினார் என்பது அவருக்கே தெரியாது.

"கோர்ட்டுல போட்டுக் காட்டுங்க," என்று கேசட்டை நீட்டினாள். "இதையும் சேர்த்துச் சொல்லுங்க."

திங்கட்கிழமை சபாநாயகம் சாட்சிக் கூண்டில் ஏறினார். கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். அது நின்றதும், யாரும் கேட்காமலே, அவர் கதவைப் பற்றிச் சொன்னார். அறக்கட்டளை வக்கீல் தடுக்கப் பார்த்தார். நீதிபதி பேசவிட்டார். உமையாளின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவள் அவர் கோட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மூன்று வாரத்தில் தடை நீங்கியது. இசக்கிமுத்து மறுபடி வாரம் இரண்டுமுறை டயாலிசிஸுக்குப் போனார். வீட்டை மட்டும் உமையாளுக்கே விட்டுவிடலாம் என்று அறக்கட்டளைக்காரர்கள் தாமாக முன்வந்தார்கள்.

சபாநாயகம் மடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். சொல்லி முடித்த பிறகும் ஒரு விஷயம் அவரை விடவில்லை.

"அம்மா, அவ அன்னைக்கு அந்தக் கேசட்டை உடைச்சிருந்தா? இசக்கிமுத்து உயிரை வச்சுல்ல நீங்க விளையாடிட்டீங்க. அது ஒண்ணுதானே சாட்சி?"

அம்மை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"பாடகர் அதைப் பேசினப்ப அந்த அறையில நீங்க இல்லையா?"