மேல்படியில நின்னு பாத்த செருப்பு

கேளுங்க இந்தக் கூத்த. தெப்பக்குளத்துப் படிக்கட்டுல சுருளி பலூன் வித்துக்கிட்டு இருந்தான். பூக்காரி பேச்சிக்கா கால் வழுக்கி ஆழத்துல விழுந்து, "காப்பாத்துங்க"ன்னு கத்துச்சு. படி நெறைய ஆளுங்க, ஒருத்தரும் அசையல. சுருளிதான் பலூனக் காத்துல விட்டுட்டு, போட்டது போட்டபடி குதிச்சு அக்காவக் கரையேத்துனான்.

அப்புறம்தான் எறங்கி வந்தாரு கோயில் தர்மகர்த்தா அம்பலவாணர்.

"ஏண்டா, சாமி தெப்பம் வர்ற குளத்துல செருப்போடயா குதிப்ப? இனிமே இந்தப் படியில ஒனக்கு யாவாரம் கெடையாது!"

சுருளிக்குப் பொழப்பே அந்தப் படிதான். ஆனா வாய் சும்மா இருக்குமா?

"நான் செருப்பு போட்டிருந்தத யாருங்கய்யா பாத்தது?"

"நானே பாத்தேன்டா! மேல்படியில நின்னு ஆரம்பத்துல இருந்து பாத்தேன். ஒன் எடது கால் செருப்பு கழண்டு முங்குன வரைக்கும் பாத்தேன்!"

"அடேங்கப்பா, என்னா கண்ணு! அந்தச் செருப்புக்குப் பக்கத்துலயே இந்த அக்கா முங்குச்சே, அது தெரியலீங்களா?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. தர்மகர்த்தா அங்கவஸ்திரத்தால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா!"

"சரிங்கய்யா. தோள்ல கெடக்குற அங்கவஸ்திரத்த எடுத்து வீசுறதுக்குமா நீச்சல் தெரியணும்?"

சிரிச்ச கூட்டம் கப்புன்னு வாய மூடிருச்சு. அவனவன் தோள்லயும் ஒரு துண்டு கெடந்துச்சு.

நடுங்கிக்கிட்டு இருந்த பேச்சிக்கா கைய நீட்டுச்சு. "இப்பவாச்சும் குடுங்கய்யா, தல தொவட்டிக்கிறேன்."

அங்கவஸ்திரம் கை மாறுச்சு. சுருளி மிச்சமிருந்த ஒத்தச் செருப்பையும் கழட்டிப் போட்டுட்டு, அதே படியில வெறுங்காலோட ஒக்காந்து, அடுத்த பலூன ஊத ஆரம்பிச்சான்.